துருவத்து அயனிமண்டலத்தைக் கடந்து வரும் காந்தத் துடிப்புகள்

மதுரையில் ஒரு காந்த ஊசியை அதன் நடுப்புள்ளியில் தடையின்றித் தொங்கவிட்டால், அது ஏறத்தாழக் கிடைமட்டமாகவே நிற்கும். புவியின் காந்த நடுக்கோடு இங்கிருந்து சில பாகை தெற்கே செல்வதுதான் அதற்குக் காரணம். இவ்வட்டாரத்தில் புவிக்காந்தப் புலத்தின் வலிமை சுமார் 40,000 நானோடெஸ்லா. இந்த எண் ஒரு நிலையில் நிற்பதில்லை. சூரியன் ஏற ஏற அது உயர்ந்து மாலையில் தணிவது ஒருபுறமிருக்க, அந்த அன்றாட ஏற்ற இறக்கத்தின் மீது மிக நுண்ணிய அலைவுகளும் படிந்திருக்கின்றன. பெரும்பாலான நாட்களில் ஒரு நானோடெஸ்லாவைச் சுற்றியே இருக்கும் இந்த அலைவுகள், ஒரு நொடிக்கும் குறைவான காலத்திலிருந்து பத்து நிமிடம் வரையிலான பல கால அளவுகளில் சீராக எழுந்து அடங்குகின்றன. இவற்றையே புவிக்காந்தத் துடிப்புகள் என்கிறோம்.

வளிமண்டலத்தின் மேற்பகுதியில் காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் அயனிமண்டலம் என்றால் சிற்றலை வானொலியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு என்ற அளவில்தான் நம் பள்ளிப் பாடங்கள் நின்றுவிடுகின்றன. இரவில் தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு வளர்ந்த தென்மாவட்டத்துப் பெரியவர்களுக்கும் அந்த முகம் மட்டுமே பழக்கம். காந்தத் துடிப்புகளைப் பொறுத்தவரை இதே அடுக்கு செய்யும் வேலை இன்னும் ஆழமானது. விண்வெளியிலிருந்து இறங்கும் அலையில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது. ஒரு பகுதியை விழுங்கி வெப்பமாக்குகிறது. மிஞ்சியதன் திசையையே மாற்றிக் கீழே விடுகிறது. தரையில் இருக்கும் காந்தமானி பதிவது மேலே இருந்து வந்த அலையை என்று எடுத்துக்கொண்டால் அந்த வரைபடத்தைத் தவறாகவே படிப்போம். அது பதிவது, அந்த அலை அயனிமண்டலத்தில் கிளப்பிவிட்ட மின்னோட்டங்களின் காந்தப்புலத்தை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரியவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துருவ ஒளி தோன்றும்போது காந்த ஊசி அசைவதை 1741இல் சுவீடனின் உப்சாலாவில் செல்சியஸும் அவருடைய உதவியாளர் ஹியோர்ட்டரும் கவனித்தார்கள். 1859ஆம் ஆண்டின் பெரும் காந்தப் புயலின்போது லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தில் பதிவான சீரான சிற்றலைவுகளை பால்ஃபோர் ஸ்டூவர்ட் 1861இல் விவரித்தார். அவை எந்த வகை அலைகள் என்பது விளங்க மேலும் 80 ஆண்டுகள் தேவைப்பட்டன. காந்தப்புலம் ஊடுருவி நிற்கும் மின்கடத்தும் பாய்மத்தில், புலக்கோடுகளின் இழுவிசையையும் பாய்மத்தின் நிறையையும் கொண்டு ஒரு புதிய வகை அலை ஓட முடியும் என்று 1942இல் ஹன்னஸ் ஆல்வேன் காட்டினார். 1970இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. புவியின் புலக்கோடுகளே இந்த அலையால் அதிர்கின்றன என்ற கருத்தை 1954இல் ஜேம்ஸ் டங்கி முன்வைத்தார்.

துடிப்புகளின் வகைப்பாடு 1960களில் வகுக்கப்பட்டது. தொடர்ந்து சீராக ஓடுபவை பிசி என்றும், ஒழுங்கற்று வெடித்து அடங்குபவை பிஐ என்றும் பெயர் பெற்றன. 0.2 முதல் 5 நொடி வரை பிசி1, 10 முதல் 45 நொடி வரை பிசி3, 45 முதல் 150 நொடி வரை பிசி4, 150 முதல் 600 நொடி வரை பிசி5; இடைப்பட்ட 5 முதல் 10 நொடி வரை பிசி2. இது கால அளவை மட்டும் வைத்துப் போட்ட எல்லை. பிறப்பும் பயணமும் வேறுவேறான அலைகள் ஒரே பெயரில் அடங்கியிருப்பதை மறந்துவிடக் கூடாது.

இவை பிறக்கும் இடங்கள் பல. சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று, புவியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தின் பக்கவாட்டு எல்லையை உரசிச் செல்லும்போது அங்கே அலை எழுகிறது. பிசி5இன் ஒரு பகுதி அவ்வாறு தோன்றுவது. சூரியக் காற்றின் அழுத்தம் திடீரென மாறினாலும் காந்தமண்டலம் முழுவதுமே அதிரும். பிசி3 அலைகளில் பலவற்றின் பிறப்பிடம் புவிக்கு முன்னால், சூரியக் காற்று திடீரென வேகம் தணியும் வில் அதிர்ச்சி முகப்பு. அங்கே எதிர்த்துத் திரும்பும் அயனிகள் சூரியக் காற்றில் அலைகளைக் கிளப்புகின்றன. இந்த அலைகளின் அதிர்வெண், கோள்களுக்கு இடையிலான காந்தப்புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் அமைவதை ரஷ்ய ஆய்வாளர் வலேரியா திரோய்த்ஸ்காயாவும் அவரது குழுவினரும் கண்டறிந்தனர். புலத்தை நானோடெஸ்லாவில் எடுத்து ஆறால் பெருக்கினால் அதிர்வெண் மில்லிஹெர்ட்ஸில் ஏறத்தாழக் கிடைக்கும். புலம் 5 என்றால் அதிர்வெண் 30 மில்லிஹெர்ட்ஸ், அதாவது சுமார் 33 நொடிக்கு ஒரு துடிப்பு. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தில் காந்தமானி இருக்கிறது. 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது அளக்கும் புலம் சுமார் ஒரு மணி நேரத்தில் புவியை வந்தடைகிறது. புலத்தின் திசையும் இசைவாக இருந்தால், வரப்போகும் துடிப்பின் காலத்தை அதை வைத்தே முன்கூட்டிக் கணிக்கலாம்.

காந்தமண்டலத்துக்குள் நுழைந்த அலை இரண்டு விதமாக ஓடுகிறது. ஒன்று, புலத்தை அமுக்கியும் தளர்த்தியும் எல்லாத் திசைகளிலும் பரவும் அமுக்க அலை. மற்றொன்று, புலக்கோட்டின் வழியே மட்டும் ஓடும் ஆல்வேன் அலை. 67 பாகைக் காந்த அட்சரேகையில் புறப்படும் புலக்கோடு, புவியின் ஆரத்தைப் போல ஆறரை மடங்கு தொலைவு வரை வெளியே சென்று மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது. அதன் நீளம் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். சராசரியாக நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஆல்வேன் அலை இதில் ஒருமுறை போய்த் திரும்பச் சுமார் 200 நொடி ஆகும். இது பிசி5 எல்லைக்குள் வருகிறது. ஒவ்வொரு புலக்கோட்டுக்கும் இப்படி ஓர் இயல்பான காலம் உண்டு. வெளியிலிருந்து வரும் அமுக்க அலையின் காலம் எந்தக் கோட்டின் இயல்பான காலத்தோடு பொருந்துகிறதோ, அந்தக் கோட்டில் ஆற்றல் குவிந்து வலுவான ஒத்ததிர்வு எழுகிறது. 1965இல் தமாவோவும், 1974இல் சவுத்வுட்டும், அதே ஆண்டு சென்னும் ஹாசெகாவாவும் இதன் கணிதத்தை வகுத்துக் கொடுத்தார்கள். துருவ வட்டாரத்தில் துடிப்புகள் ஓங்கி நிற்பதற்கு இந்த ஒத்ததிர்வே முதன்மையான காரணம்.

இப்போது அலை அயனிமண்டலத்தை அடைகிறது. மதுரையில் சுங்குடிச் சேலைகளைக் காயவைக்க நெடுக இழுத்துக் கட்டும் கயிற்றை ஒரு முனையில் உதறினால், அந்த உதறல் மறுமுனைக்கு ஓடித் திரும்புவதைக் காணலாம். கம்பத்தில் இறுகக் கட்டியிருந்தால் அது தலைகீழாகத் திரும்பும். கம்பத்தில் மேலும் கீழும் வழுகும் வளையத்தில் மாட்டியிருந்தால் தலைகீழாகாமலே திரும்பும். வளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே தகுந்த அளவு உராய்வு இருந்தால், உதறலின் ஆற்றல் முழுவதும் அங்கேயே வெப்பமாகித் தீர்ந்து எதுவுமே திரும்பாது. புலக்கோட்டின் முனையை இறுக்குவதும் தளர்த்துவதும் அயனிமண்டலத்தின் மின்கடத்துதிறன்.

இதை எண்களில் பார்ப்பது தெளிவைத் தரும். ஆல்வேன் அலைக்கென ஒரு கடத்துதிறன் உண்டு. அலைவேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்றால் அது சுமார் 0.8 சீமென்ஸ் (சீமென்ஸ் என்பது மின்கடத்துதிறனின் அலகு). பகலொளியில் இருக்கும் அயனிமண்டலத்தின், உயரம் முழுவதும் கூட்டிய பெடர்சன் கடத்துதிறன், அதாவது மின்புலத்தின் திசையிலேயே மின்னோட்டத்தைக் கடத்தும் திறன், 8 சீமென்ஸ் என்று கொள்வோம். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், வந்த அலையின் வீச்சில் ஐந்தில் நான்கு பங்கு தலைகீழாகத் திரும்புகிறது என்று கிடைக்கும். சூரியன் மறைந்து, துருவ ஒளியும் இல்லாத இரவில் கடத்துதிறன் ஒரு சீமென்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். அது 0.8ஐ நெருங்கும் இடத்தில் எதிரொலிப்பு அற்றுப்போய் அலை முழுவதும் விழுங்கப்படுகிறது. துருவ ஒளி பாயும் இரவிலோ, மேலிருந்து கொட்டும் எலக்ட்ரான்கள் கடத்துதிறனைப் பத்து சீமென்ஸுக்கும் மேலே ஏற்றிவிடுகின்றன. அரைமணி நேரத்துக்குள் ஒரே இடம் விழுங்கியாகவும் எதிரொலிப்பானாகவும் மாறிவிடக்கூடும். உயர் அட்சரேகையின் தனிச்சிக்கல் இது. நம் ஊர் அயனிமண்டலம் சூரியனின் கடிகாரத்துக்கு ஏறக்குறையக் கட்டுப்பட்டது. துருவத்து அயனிமண்டலத்தை அந்தக் கடிகாரத்தோடு காந்தமண்டலமும் சேர்ந்து ஆள்கிறது.

புலக்கோட்டின் இரு முனைகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அன்டார்க்டிகாவில் ஜப்பானின் ஷோவா நிலையத்தில் புறப்படும் புலக்கோடு வடக்கே ஐஸ்லாந்தில் இறங்குகிறது. ஜூன் மாதத்தில் ஷோவா இருளில் கிடக்க, ஐஸ்லாந்து முழுப் பகலில் இருக்கும். இத்தகைய கோடுகளில் ஒரு முனை இறுகியும் மறுமுனை தளர்ந்தும் இருப்பதால், அரை அலைக்குப் பதிலாகக் கால் அலை மட்டும் அந்த நீளத்தில் நிற்கும் நிலை உருவாகலாம். அப்போது துடிப்பின் காலம் ஏறத்தாழ இரட்டிக்கும். கோட்டின் நீளமோ, அதிலுள்ள மின்னூட்டத் துகள்களாலான வாயுவாகிய பிளாஸ்மாவோ சிறிதும் மாறாமல், முனைகளின் கடத்துதிறன் மட்டும் மாறியதால் இவ்வளவு வேறுபாடு.

திரும்பாமலும் விழுங்கப்படாமலும் மிஞ்சியது கீழே எப்படி வருகிறது என்பதுதான், என் பார்வையில், இந்தத் துறையின் மிக அழகான பகுதி. அயனிமண்டலத்துக்குக் கீழே இருக்கும் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆல்வேன் அலை புலக்கோட்டின் வழியே மின்னோட்டத்தைச் சுமந்து வருவது. அந்த மின்னோட்டம் காற்றுக்குள் நுழைய முடியாது. எனவே அது அயனிமண்டலத்திலேயே பக்கவாட்டில் திரும்பி, மின்புலத்தின் திசையில் பெடர்சன் மின்னோட்டமாக ஓடி, பக்கத்துப் புலக்கோடு வழியாக மேலேறிவிடுகிறது. புலக்கோடுகள் செங்குத்தாகவும் கடத்துதிறன் சீராகவும் இருந்தால், இறங்கும் மின்னோட்டமும் இந்தப் பெடர்சன் மின்னோட்டமும் சேர்ந்து தரையில் உண்டாக்கும் காந்தப்புலம் சுழியாகிவிடும் என்பதை ஜப்பானிய அறிஞர் ஃபுகுஷிமா நிறுவினார். அதாவது, வந்த அலையின் காந்தப்புலம் தரைக்கு மறைக்கப்படுகிறது.

அப்படியானால் தரையில் துடிப்பு எப்படித் தெரிகிறது? ஏறத்தாழ 90 முதல் 130 கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தோடு பிணைந்து சுதந்திரமாக நகர்கின்றன. அயனிகளோ காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதிப் பின்தங்கிவிடுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வால், மின்புலத்துக்குச் செங்குத்தான திசையில் ஹால் மின்னோட்டம் பிறக்கிறது. அது மேலேறிச் செல்லாமல் அந்த அடுக்கிலேயே சுற்றி வருகிறது. அதன் காந்தப்புலமே தரையை எட்டுகிறது. ஹால் மின்னோட்டம் பெடர்சனுக்குச் செங்குத்தாக ஓடுவதால், காந்தமண்டலத்தில் கிழக்கு மேற்காக ஆடிய புலம் தரையில் வடக்கு தெற்காக ஆடுவதாகப் பதிவாகிறது. 90 பாகைத் திருப்பம் என்று இத்துறையினர் சொல்வது இதைத்தான். ஹியூஸும் சவுத்வுட்டும் 1970களின் நடுவில் இதை முறையாகக் கணக்கிட்டார்கள்.

அதே கணக்கில் இன்னொரு விளைவும் வெளிப்பட்டது. சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தின் நுண்ணிய வடிவங்கள் தரையை வந்தடைவதற்குள் மங்கிவிடுகின்றன. கிடைமட்ட அலைநீளம் 1,000 கிலோமீட்டர் என்றால் பாதி வீச்சு தரைக்கு வரும். 300 கிலோமீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு. 100 கிலோமீட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே, வலுவான துடிப்பு தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் உள்ள காந்தமானி ஏறக்குறைய அமைதியைக் காட்டலாம். 1970களின் பிற்பகுதியில் நார்வேயிலும் பின்லாந்திலும் நிறுவப்பட்ட ஸ்டேர் இரட்டை ரேடார்கள் அயனிமண்டலத்தின் மின்புலத்தை நேரடியாக அளந்தபோது இது கண்கூடானது. நூறு கிலோமீட்டர் அளவே அகலமுள்ள ஒடுங்கிய பட்டையில் ஒத்ததிர்வு உச்சத்தை அடைவதையும், அந்தப் பட்டையின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குள் அலையின் கட்டம், அதாவது அது ஏறி இறங்கும் நிலை, 180 பாகை மாறுவதையும் அவை காட்டின. தரைப் பதிவுகளில் அதே பட்டை அகலமாக, மழுங்கலாகத் தெரிகிறது. தரைக் காந்தமானிகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட முடிவுகளை இதனால்தான் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது.

வேகமாகத் துடிக்கும் பிசி1 வேறொரு வழியும் கண்டுபிடித்துக்கொள்கிறது. காந்தமண்டலத்தின் சூடான புரோட்டான்கள் கிளப்பும் இந்த அலைகள் புலக்கோடு வழியே துருவ வட்டாரத்தில் இறங்கி, ஹால் கடத்துதிறனின் துணையோடு ஒரு பகுதி அமுக்க அலையாக மாறுகின்றன. அயனிமண்டலத்தின் மேலடுக்கில், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பிளாஸ்மா மிகவும் அடர்ந்திருப்பதால் ஆல்வேன் வேகம் அங்கே குறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் கீழும் வேகம் கூடுதல். அந்த அடுக்கில் அகப்பட்ட அலை வெளியேற முடியாமல், பக்கவாட்டில் நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு ஓடுகிறது. அரை ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்கள் இந்த வழியில் நுழைய முடியாது. பகலில் கீழடுக்குகள் ஆற்றலை உறிஞ்சிவிடுவதால், இரவிலேயே இந்தப் பயணம் நன்றாக நடக்கிறது. துருவத்தை ஒட்டி இறங்கிய பிசி1, தாழ்ந்த அட்சரேகைகளில் சற்றுத் தாமதமாகவும் வலுவிழந்தும் தென்படுவதன் காரணம் இதுவே.

நீண்ட காலத் துடிப்புகள் நம் பக்கத்துக்கு வருவது எப்படி? இங்கே ஒரு வடிவியல் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். மதுரையிலிருந்து புறப்படும் புலக்கோடு சில பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே வளைந்து தரைக்குத் திரும்பிவிடுகிறது. அது அயனிமண்டலத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே புலக்கோட்டின் வழியே காந்தமண்டலத்திலிருந்து ஆல்வேன் அலை நேராக நம்மிடம் இறங்குவதற்கு வழியே இல்லை. குறுக்கே பரவும் அமுக்க அலை ஒரு வழி. மற்றொரு வழியை 1979இல் கிகுச்சியும் அராகியும் முன்மொழிந்தார்கள். துருவத்து அயனிமண்டலத்தில் புலக்கோட்டு மின்னோட்டம் உண்டாக்கும் மின்புலம், தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் இடைப்பட்ட காற்றுவெளியை ஓர் அலைக்குழாயாகக் கொண்டு ஒளியின் வேகத்தில் நடுக்கோடு வரை பரவுகிறது என்பது அவர்களின் விளக்கம். 9,000 கிலோமீட்டருக்கு நொடியில் நூறில் மூன்று பங்கு போதும்.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்றுகளில் ஒன்று நம் அண்டையிலேயே கிடைத்தது. 1991 மார்ச் 24 அன்று கடுமையான காந்தப் புயல் வீசியது. அன்று மாலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவின் ரேடார், அங்குள்ள காந்தமானி, அயனிமண்டல அளவி ஆகியவை சுமார் பத்து நிமிடக் காலமுள்ள சீரான அலைவைப் பதிவு செய்தன. அயனிமண்டலத்தின் கீழடுக்கில் மீட்டருக்கு 0.1 முதல் 0.25 மில்லிவோல்ட் வரையும், மேலடுக்கில் சுமார் ஒரு மில்லிவோல்ட்டும் மின்புலம் ஆடியது. அதே வேளையில் டென்மார்க்கின் புரோர்ஃபெல்டேயிலும் கிரீன்லாந்தின் நார்சார்சுவாக்கிலும் நூறு நானோடெஸ்லா அளவிலான அலைவுகள் பதிவாயின. தும்பாவின் அலைவும் டென்மார்க்கின் அலைவும் ஒரே கட்டத்தில் ஏறி இறங்கின. தும்பாவின் தரைக் காந்த அலைவை, ரேடார் அளந்த மின்புலம் அயனிமண்டலத்தில் ஓட்டும் மின்னோட்டத்தைக் கொண்டே விளக்க முடிந்தது. காந்தமண்டலத்தின் உட்பகுதி முழுவதும் ஒரு மூடிய அறைபோல் அதிர்ந்ததாகவும், அதனால் எழுந்த மின்புலம் உயர் அட்சரேகையிலிருந்து நடுக்கோட்டுக்கு ஊடுருவியதாகவும் ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். மின்புலம், மின்னோட்டம், தரைக் காந்தம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அளந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பெருமை.

நடுக்கோட்டை எட்டிய மின்புலம் சிறியதாயினும் அது ஓட்டும் மின்னோட்டம் சிறியதன்று. காந்தப்புலம் கிடைமட்டமாக இருப்பதால், பகலில் இங்கே செங்குத்தாக ஓட முயலும் ஹால் மின்னோட்டம் மேலும் கீழும் தடைபட்டு மின்னூட்டங்கள் தேங்குகின்றன. அந்தத் தேக்கம் உண்டாக்கும் மின்புலம் கிழக்கு மேற்கான கடத்துதிறனைப் பலமடங்கு உயர்த்திவிடுகிறது. காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் மூன்று பாகை அகலத்தில், ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் ஓடும் நடுக்கோட்டு மின்தாரை இதன் விளைவே. துருவத்திலிருந்து தெற்கே வரவரத் தேய்ந்துகொண்டே வரும் பிசி5, இந்தப் பட்டைக்குள் நுழைந்ததும் மீண்டும் ஓங்குகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, திருவனந்தபுரம் ஆகியவை இந்தத் தாரையின் ஆட்சிக்கு உட்பட்டவை. கொடைக்கானல் அதன் வடக்கு விளிம்பை ஒட்டியது.

1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தில் காந்தப் பதிவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நடுக்கோட்டு ஆய்வகம் இயங்குகிறது. மதுரை போன்ற நகரத்துக்குள் இந்தப் பணியைச் செய்ய முடியாது. சாலையில் ஒரு லாரி கடந்தாலே நாம் தேடும் துடிப்பைவிடப் பெரிய அசைவு வரைபடத்தில் விழும். காந்த அளவீட்டு அறைகளைக் கட்டும்போது இரும்பு ஆணியும் கம்பியும் தவிர்க்கப்பட்டு, கீல், தாழ்ப்பாள் வரை பித்தளையிலும் செம்பிலும் பொருத்தப்படுவது இதனால்தான்.

அன்டார்க்டிகாவில் 2012இல் திறக்கப்பட்ட இந்தியாவின் பாரதி நிலையம் 76 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, மதுரை 78இல். இரண்டு இடங்களின் சூரிய நேரமும் பத்து நிமிடத்துக்குள் ஒத்துப்போகிறது. எனவே ஒரே துடிப்பை இரு இடங்களிலும் ஒப்பிடும்போது, காலை மாலை வேறுபாடு குறுக்கே வந்து குழப்புவதில்லை. டிசம்பரில் பாரதியில் சூரியன் மறைவதேயில்லை; ஜூனில் எழுவதேயில்லை. தமிழகத்தின் தென்கோடியிலோ இரண்டு மாதங்களிலும் நண்பகல் அயனிமண்டலம் நன்கு கடத்தும் நிலையில்தான் இருக்கிறது. இரு பருவத்திலும் நண்பகலை ஒட்டி எழும் பிசி5 அலைகளை இரண்டு இடங்களிலும் ஒப்பிட்டால், பாரதியில் காணும் பருவ வேறுபாட்டில் துருவத்துக் கடத்துதிறனின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அமுக்க அலையாகக் காந்தமண்டலத்தைக் குறுக்கே கடந்து வந்த துடிப்பு நடுக்கோட்டை அடையச் சில பத்து நொடிகளாவது பிந்தும். காற்றுவெளி வழியே வந்த மின்புலத்தில் அத்தகைய தாமதம் இராது. நொடிக்கு ஒருமுறையாவது அளந்து, செயற்கைக்கோள் நேரத்தோடு பிணைத்த பதிவுகளில் இவ்விரு பங்குகளையும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியே எடைபோடலாம்.